பூனைக்கு ஏக்கமா, காய்ச்சலா?

பூனை பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. “ரெண்டும் ஒண்ணாவே வளந்துச்சு டாக்டர். பெருசு போன வாரம் செத்துப்போச்சு. அதுலேர்ந்து சின்னது சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல. கட்டிலுக்கு அடியிலயே கெடக்கு. ஏக்கம்போல. நாலு நாள் விட்டா சரியாயிடும்ல?”

இதற்கான பதில் இரண்டு துண்டாகத்தான் வரும். ஏக்கம் இருக்கலாம், அதை மறுக்க இன்றைக்கு வலுவான காரணம் எதுவும் இல்லை. ஆனால் நாலு நாள் விடக் கூடாது. பூனைக்கு ஏது மனசு என்று கேட்பவர்களுக்கு முதல் துண்டு பிடிப்பதில்லை. பூனையைப் பிள்ளையாக வளர்ப்பவர்களுக்கு இரண்டாவது துண்டு காதில் விழுவதில்லை.

‘ஏக்கம்’ என்ற சொல் அந்த வீட்டாருக்குத் தானாக வாயில் வந்திருக்கும். அப்பா வெளியூர் வேலைக்குப் போன மறுநாள் குழந்தைக்கு உடம்பு சுட்டால், ஏக்கத்தில் வந்த காய்ச்சல் என்று பாட்டிகள் சொல்லிவிடுவார்கள். பிரிவு உடம்பில் இறங்கும் என்பது தமிழ் வீடுகளுக்குப் பழைய செய்தி. விலங்குகளிடமும் அதைப் பார்த்திருக்கிறார்கள். கன்று செத்த பசு பாலை அடக்கிக்கொள்ளும் என்று தெரிந்துதான், செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலை அடைத்து முன்னால் நிறுத்திக் கறந்தார்கள். பசுவின் துக்கத்தை யாரும் சந்தேகப்படவில்லை; அந்தத் துக்கத்தை ஏமாற்றித்தான் பால் எடுத்தார்கள். திருவாரூரில் ஆராய்ச்சி மணியை அடித்த பசுவின் கதை ஊரறிந்தது. எஜமானர் போனபிறகு சோறு தின்னாமல் கிடந்த நாயைப் பற்றி எந்த ஊரில் கேட்டாலும் ஒரு கதை கிடைக்கும். பூனைக்கு மட்டும் இந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. நாய் ஆளோடு ஒட்டும், பூனை வீட்டோடு ஒட்டும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

மனிதர் பூனைக்காகத் துக்கம் காத்த பதிவு மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்கர் ஹெரோடோட்டஸ், வீட்டுப் பூனை தானாகச் செத்தால் அந்த வீட்டார் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்கிறார். (நாய் செத்தால் தலையும் உடம்பும் முழுக்க மழிப்பார்களாம். பூனையைக் கும்பிட்ட ஊரிலும் நாய்க்குத்தான் கூடுதல் மரியாதை!) அதே வீட்டில் உயிரோடு இருந்த இன்னொரு பூனை அன்றைக்கு என்ன செய்தது என்று அவர் எழுதவில்லை. யாரும் எழுதவில்லை. இந்தக் கேள்வியை ஒரு கணக்கெடுப்பாகக் கேட்க 1990கள் வரை ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விலங்கின் அறிவையும் உணர்ச்சியையும் ஆராய்ந்தவர்கள் பூனையை விட்டுவைக்கவே இல்லை. 1898இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் தார்ன்டைக், பசித்த பூனைகளை மரச்சட்டப் பெட்டிகளில் அடைத்து, கொக்கியைத் தள்ளி வெளியே வர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டார். சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ், விழித்திருக்கும் பூனைகளின் மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி மின்சாரம் செலுத்தினார். ஓரிடத்தைத் தூண்டினால் பூனை சீறியது, இன்னோரிடத்தைத் தூண்டினால் சுருண்டு தூங்கியது. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரான்சின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே, மூளைத்தண்டின் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்திய பூனைகள் உறக்கத்திலேயே எழுந்து, அங்கே இல்லாத இரையின்மேல் பாய்வதைக் கண்டார். பூனையின் கோபம், பயம், தூக்கம், அநேகமாகக் கனவுகூட ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டுவிட்டது. வருத்தத்தைத்தான் யாரும் தேடவில்லை. வருந்தும் பூனை எதுவும் செய்வதில்லையே. எதுவும் செய்யாததை அளக்கக் கருவி வேண்டும்.

1996இல் விலங்கு வதைத் தடுப்புக்கான அமெரிக்கச் சங்கம், வீட்டில் ஒரு விலங்கு இறந்தபின் மீதி விலங்குகள் எப்படி இருந்தன என்று வளர்ப்பவர்களைக் கேட்டது. கூட இருந்த பூனை இறந்தபின் 46 சதவீதப் பூனைகள் குறைவாகச் சாப்பிட்டன. சுமார் 70 சதவீதப் பூனைகளின் கத்தலில் மாற்றம் இருந்தது. சில வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தின, சில அடங்கிப்போயின. 2016இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் 159 நாய்களையும் 152 பூனைகளையும் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டபோதும் சித்திரம் அதிகம் மாறவில்லை. 43 சதவீதப் பூனைகள் அடிக்கடி கத்தத் தொடங்கின. மூன்றில் ஒரு பங்கின் குரல் முன்பைவிட உரத்திருந்தது. செத்துப்போன துணை வழக்கமாகப் படுக்கும் இடத்தைத் தேடிப் போன பூனைகளும் இருந்தன.

அடுத்து 2024. மிச்சிகனில் உள்ள ஓக்லண்ட் பல்கலைக்கழகத்தின் பிரிட்டனி கிரீனும் ஜெனிஃபர் வோங்கும் நானூற்றுச் சொச்சம் பூனை வளர்ப்பவர்களிடம் நடத்திய ஆய்வு பல நாட்டுச் செய்தித்தாள்களில் வந்தது. துணையை இழந்த பூனைகள் குறைவாகச் சாப்பிட்டன, விளையாட்டைக் குறைத்தன, ஒளிந்துகொண்டன, மனிதர்களிடம் அதிகம் ஒட்டின, எதையோ தேடுவதுபோல் அலைந்தன. இறந்தது பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாயை இழந்த பூனைகளும் அப்படித்தான் இருந்தன. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் அந்த ஆய்வுக்குள்ளேயே ஒரு முள் இருந்தது. வளர்ப்பவரின் சொந்தத் துக்கம் பெரிதாக இருந்த வீடுகளில் பூனை அதிகம் தூங்குகிறது, தனியே ஒதுங்குகிறது என்ற பதில்களும் அதிகமாக வந்தன. பூனை அழுகிறதா, அழும் கண்களுக்குப் பூனை அழுவதுபோல் தெரிகிறதா? ஆய்வாளர்களே இந்தச் சந்தேகத்தை எழுப்பி எழுதியிருந்தார்கள். செய்திகள் பலவற்றில் அது கடைசிப் பத்தியில்தான் வந்தது.

இந்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட முடியாது. அதற்காக மொத்த ஆய்வையும் குப்பையில் போடவும் வேண்டியதில்லை. சாவு விழுந்த வீட்டில் மாறுவது ஒன்றிரண்டு அல்ல. காலை உணவு நேரம் தள்ளிப்போகிறது, குரல்கள் தாழ்கின்றன, மடியில் படுக்க வந்த பூனையைக் கை தானாகத் தள்ளிவிடுகிறது. இதே ஜெனிஃபர் வோங்க் 2016இல் இன்னோர் ஆய்வில், வளர்ப்பவர் சிரித்த முகத்தோடு இருக்கும்போதும் முகத்தைச் சுளிக்கும்போதும் பூனைகள் வேறு வேறு விதமாக நடந்துகொள்கின்றன என்று காட்டினார். வேறுபாடு சிறியதுதான், ஆனால் முகம் தெரியாதவர் அதே முகபாவங்களைக் காட்டியபோது அது தென்படவில்லை. ஆகவே துக்க வீட்டுப் பூனையின் சோர்வு, செத்த பூனைக்கானதாக இருக்கலாம். உடைந்துபோன மனிதருக்கானதாக இருக்கலாம். கலைந்துபோன கால அட்டவணைக்கானதாகக்கூட இருக்கலாம். மூன்றுமே பூனைக்கு நேர்ந்த இழப்புத்தான்.

பூனைக் கதைகளில் எச்சரிக்கை தேவை என்பதற்கு இத்தாலியிலிருந்து ஓர் உதாரணம். டஸ்கனி பகுதியில் டோல்டோ என்ற பூனை, இறந்துபோன தன் எஜமானரின் கல்லறைக்குத் தினமும் போய்க் குச்சி, இலை, பிளாஸ்டிக் கோப்பை என்று எதையாவது கொண்டுபோய் வைக்கிறது என்று 2013இல் உலகப் பத்திரிகைகள் எழுதின. படித்தவர்கள் உருகினார்கள். பூனைகள் எதையாவது கவ்விக்கொண்டு வந்து பழகிய இடத்தில் போடும் என்பதும், சவ ஊர்வலத்தின் பின்னால் நடந்த பூனைக்கு அந்த இடம் பழகிவிட்டிருக்கும் என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. பூனைகளைப் பெட்டியில் அடைத்த தார்ன்டைக் நூறாண்டுக்கு முன்பே இதைத்தான் குறைப்பட்டுக்கொண்டார்: ஆயிரம் பூனைகள் சும்மா இருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஒன்று அதிசயம் செய்தால் ஊரே பேசும். கல்லறைக்குப் போகாத பூனைகள் செய்தியில் வருவதில்லை.

அப்படியானால் கதைகளைத் தள்ளிவிட்டுக் கேட்கலாம். எதிரில் இல்லாத ஒருவரைப் பூனையால் நினைத்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் ஏக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கு அழகான விடை ஜப்பானிலிருந்து வந்தது. கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாஹோ தகாகியும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட சோதனையில், வளர்ப்பவரின் குரல் ஓரிடத்திலிருந்து கேட்டது. அடுத்த நொடி, அவர் நடந்து வந்திருக்கவே முடியாத வேறொரு இடத்திலிருந்து கேட்டது. பூனைகள் திடுக்கிட்டன. அதாவது, கண்ணுக்குத் தெரியாத மனிதர் எங்கே இருக்கிறார் என்று அவை மனத்தில் ஒரு கணக்கு வைத்திருந்தன. அடுத்த ஆண்டு வெளியான சோதனையில், ஒரே வீட்டில் வாழும் இன்னொரு பூனையின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரையில் வேறு பூனையின் முகத்தைக் காட்டினார்கள். வீட்டுப் பூனைகள் அந்தப் பொருந்தாத முகத்தை நீண்ட நேரம் உற்றுப் பார்த்தன. பூனைக் காபிக் கடைகளில் கூட்டமாக வளரும் பூனைகளிடம் இது தென்படவில்லை.

கூட வாழும் பூனைக்கு ஒரு பெயரும் ஒரு முகமும் உண்டு என்று அறிந்த விலங்கு, அந்தப் பெயர் வீட்டில் ஒலிக்காமல் போவதைக் கவனிக்காமல் இருக்குமா?

மானுடவியலாளர் பார்பரா கிங் விலங்குகளின் துக்கத்தைப் பற்றி 2013இல் வெளியிட்ட புத்தகத்தை யானையிலோ சிம்பன்சியிலோ தொடங்கவில்லை. வில்லா, கார்சன் என்ற இரண்டு சயாமியப் பூனைச் சகோதரிகளில் தொடங்குகிறார். கார்சன் மருத்துவமனையில் இறந்தபின், வில்லா இரண்டும் சேர்ந்து படுத்த இடங்களையெல்லாம் சுற்றி வந்து, அதுவரை வீட்டார் கேட்டிராத குரலில் அழுதது. கிங் ஒரு நிபந்தனை வைக்கிறார். உயிரோடு இருந்தபோது இரண்டும் விரும்பிச் சேர்ந்திருக்க வேண்டும். இறந்தபின் மற்றொன்றின் பழக்கம் தெளிவாக மாற வேண்டும். இரண்டும் இருந்தால்தான் துக்கம் என்று சொல்லலாம். நியாயமான நிபந்தனை. ஏனெனில் ஒரே கூரையின்கீழ் வாழும் பூனைகள் பல, சிநேகிதர்கள் அல்ல. வேறு வழியில்லாமல் ஒண்டுக்குடித்தனம் நடத்துபவை. ஒன்றையொன்று நக்கிவிடுவதும் உடம்போடு உடம்பு ஒட்டித் தூங்குவதும் நட்பின் அடையாளம். எதிர்ச்சுவரோரமாக நடந்து, முறைவைத்துச் சாப்பிடும் ஜோடியில் ஒன்று போனால், மற்றது முதல் தடவையாகச் சோபாவின் நடுவில் கால் நீட்டிப் படுப்பதும் உண்டு. அதைப் பார்த்து வீட்டார் மனம் புண்படுகிறார்கள். பூனைக்கு நடிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

இழப்பைப் பற்றிய பேச்சு இப்படி மதில்மேல் நடக்கிறது. நோயைப் பற்றிய பேச்சில் தரை கொஞ்சம் உறுதியானது.

காய்ச்சல் வந்த விலங்கு ஏன் சோர்ந்து கிடக்கிறது? நோய்க்கிருமி பலத்தை உறிஞ்சிவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 1988இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் வேறு விளக்கம் சொன்னார். பசியின்மை, மந்தம், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது, ஒதுங்கிப் படுப்பது எல்லாம் உடம்பு வேண்டுமென்றே நடத்தும் ஏற்பாடு. காய்ச்சல் அதிக எரிபொருள் கேட்கும் வேலை. அதற்காக வேறு செலவுகளை உடம்பு நிறுத்துகிறது. நோயெதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன் என்ற வேதிச்செய்திகள் மூளைக்குப் போய், “எழுந்திருக்காதே” என்று உத்தரவு போடுகின்றன.

அந்த உத்தரவு உள்ளே எப்படி உணரப்படுகிறது என்று பூனையைக் கேட்க முடியாது. மனிதர்களைக் கேட்கலாம், கேட்டும் இருக்கிறார்கள். 2001இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் பாக்டீரியா நச்சு மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. நோய் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஆனால் சில மணி நேரத்தில் அவர்களுடைய மனம் சோர்ந்தது, பதற்றம் கூடியது, நினைவாற்றல் மங்கியது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி போடுவார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோர் முழுமையான மனச்சோர்வு நோய்க்கு ஆளானார்கள்; சிலருக்கு அதனாலேயே சிகிச்சையை நிறுத்த வேண்டியிருந்தது. இதே சைட்டோகைன்கள் பூனையிடமும் உண்டு. அவை போய்ச் சேரும் மூளைப்பகுதிகளும் பாலூட்டிகளுக்கு ஏறத்தாழப் பொதுவானவை. மனிதருக்கு உள்ளே இருள் கவிகிறது, பூனைக்கு வெளியே மட்டும் உடம்பு சுருள்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று வாதிடுபவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

பாட்டி சொன்னது ஏக்கத்தில் வரும் காய்ச்சல். இது காய்ச்சலில் வரும் ஏக்கம். முதலாவதற்கும் பூனையிடமே சாட்சி உண்டு. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழு 32 பூனைகளை 77 வாரம் கவனித்தது. இருபது பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி இருந்தது. பன்னிரண்டு நல்ல ஆரோக்கியமானவை. பராமரிப்பவர் மாறுவது, உணவு நேரம் தவறுவது போன்ற சின்னக் குளறுபடிகள் நடந்த வாரங்களில் நோயுள்ள பூனைகள் வாந்தியெடுத்தன, சாப்பிட மறுத்தன, மணல் தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தன. ஆரோக்கியமான பூனைகளும் அதையே செய்தன. 2011இல் வந்த இந்த முடிவு, பூனை மருத்துவர்கள் கேட்கும் கேள்விகளை மாற்றிவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதோடு, வீட்டில் என்ன மாறியது என்றும் கேட்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் முற்றுகிறது. வருந்தும் பூனையும் நோயுற்ற பூனையும் செய்வது ஒன்றே: சாப்பிடாது, ஒளியும், அதிகம் தூங்கும், நக்கிக்கொள்ளாது, கூப்பிட்டால் வராது. கண்ணால் பார்த்துப் பிரிக்க எந்த வழியும் இல்லை. பிரிக்காமல் விட்டால் பூனை செத்துப்போகலாம்.

எப்படி என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பூனை சாப்பிடாமல் இருந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போகும். முழு மாமிச உண்ணியான பூனையின் கல்லீரலுக்கு அவ்வளவு கொழுப்பைக் கையாளத் தெரியாது. அது செல்களுக்குள்ளேயே தேங்கிவிடும். கொழுத்த பூனைக்குச் சில நாள் பட்டினியே இதற்குப் போதும். பிறகு காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகும், குமட்டல் வரும், குமட்டலால் இன்னும் சாப்பிடாது. ஏக்கத்தில் தொடங்கிய பட்டினி ஈரல் நோயாக முடியும். நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் அது கவலை. பூனை முழுதாக ஒரு நாள் சாப்பிடாவிட்டாலே மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது இதனால்தான். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து கத்தினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அந்தக் கத்தலைத்தான் சிலர் துணையைத் தேடி அழுவதாக நினைத்துவிடுகிறார்கள்.

வயதான பூனையின் ‘சோகம்’ இன்னும் ஏமாற்றும். அமெரிக்காவில் எலிசபெத் ஹார்டி குழு 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. அவற்றில் பலவற்றின் வளர்ப்பவருக்கு அது தெரியாது. பூனை நாயைப்போல் நொண்டிக் காட்டாது. அலமாரிமேல் ஏறுவதை நிறுத்தும், பிறகு ஜன்னலில் உட்காருவதை நிறுத்தும், பிறகு எதையும் செய்யாது. வயசாயிடுச்சு, பழைய உற்சாகம் இல்ல என்பார்கள். வலிக்கு மருந்து கொடுத்தால் அதே பூனை மறுவாரம் அலமாரிமேல் இருக்கும். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, பல் வேர் அரிப்பு என்று பட்டியல் நீள்கிறது. பூனை சாகப்போகும்போது வீட்டை விட்டுப் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். அது சாவதற்காகப் போவதில்லை. நோயோடு இருக்கும் சிறு விலங்கு, பெரிய விலங்கின் கண்ணில் படாமல் பதுங்குகிறது.

முகத்தில் வலியைப் படிக்க ஒரு வழி இப்போது இருக்கிறது. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பாலோ ஸ்டீகல் குழு 2019இல் வெளியிட்ட முகச்சுளிப்பு அளவுகோலில் காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம் என ஐந்து இடங்களுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பத்துக்கு நாலு வந்தால் வலிநிவாரணி தேவை. தட்டையாகப் பக்கவாட்டில் திரும்பிய காதுகள், இடுங்கிய கண்கள், தோளுக்குக் கீழே தொங்கும் தலை: ‘மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு’ என்று வீட்டில் சொல்லும் அந்த முகம் பெரும்பாலும் வலியின் முகம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். உடம்பு சுடுகிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கிள்ளிப் பூனைக்குக் கொடுத்துவிடக் கூடாது. அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகப் பலவீனமாக இருக்கிறது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறுகள் பழுப்பாகும், முகம் வீங்கும். ஒரு மாத்திரையே கொல்லும்.

சரி, இதையெல்லாம் ‘மனச்சோர்வு நோய்’ என்று சொல்லலாமா? இங்கே சொற்களும் காலை வாருகின்றன. கால்நடை மருத்துவர் சீட்டில் ‘டிப்ரெஸ்டு’ என்று எழுதியிருந்தால் அது மனநோய்க் குறிப்பு அல்ல. தொட்டால், கூப்பிட்டால் மந்தமாகவே பதில் தருகிறது என்றுதான் பொருள். நமது செய்தித்தாள்களும் தம் பங்குக்கு, நெருக்கடியில் வரும் பதற்றத்தையும் வாரக்கணக்கில் நீளும் சோர்வையும் சேர்த்து ‘மன அழுத்தம்’ என்றே எழுதிப் பழகிவிட்டன. மனிதர்களுக்கு மனநல மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். ஐந்து, இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். எதிலும் நாட்டமின்மை, பசி மாற்றம், தூக்க மாற்றம், அசைவில் மந்தம், களைப்பு ஆகியவற்றைப் பூனையிடம் கண்ணால் பார்த்துவிடலாம். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணத்தையும் சாவைப் பற்றிய நினைப்பையும் பார்க்க முடியாது. சொல் இல்லாமல் அவை இருக்கின்றனவா என்பதே ஐயம். எனவே மனிதரின் நோய்ப்பெயரை அப்படியே பூனைமேல் ஒட்டுவது மிகை. சோர்ந்த மனநிலை, நாட்டம் அற்றுப்போதல் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால், பூனைக்கு அது உண்டு என்று சொல்வதில் தயக்கம் வேண்டாம். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வனுபவம் உண்டு என்பதற்கு வலுவான அறிவியல் ஆதரவு இருக்கிறது என்று 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவ ஆய்வாளர்களும் கையெழுத்திட்டு அறிவித்தார்கள். பூனை வளர்ப்பவர்கள் அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கவில்லை.

மருந்துகளும் இந்தக் கோட்டை அழிக்கின்றன. மனிதரின் மனச்சோர்வுக்குத் தரும் மிர்டசபின், பூனையின் காது மடலுக்குள் தடவும் களிம்பாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதற்காக? எடை குறையும் பூனைக்குப் பசியைத் தூண்ட. மனத்துக்கான மருந்து வயிற்றின் வழியாக வேலை செய்கிறதா, வயிறு நிறைந்ததும் மனம் தெளிகிறதா என்று பூனையை வைத்துப் பிரிப்பது கடினம். மனிதரை வைத்தும் சுலபமல்ல.

நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகு செய்ய வேண்டியது எளியது, பொறுமை மட்டும் வேண்டும். சாப்பாட்டு நேரத்தை மாற்றாமல், உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி வைக்கலாம். பூனை முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. செத்த பூனையின் விரிப்பை அன்றைக்கே துவைத்துப்போட வேண்டாம். ஒளிந்தால் இழுத்து வெளியே போடக் கூடாது. நெதர்லாந்தின் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் சில நாளிலேயே பதற்றம் தணிந்தன, மற்றவற்றுக்குக் கூடுதல் நாளானது. அட்டைப்பெட்டிக்குச் செலவும் இல்லை. மறுவாரமே புதுக் குட்டியைக் கொண்டுவந்து ‘துணை’ சேர்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. இழந்தது ஒரு குறிப்பிட்ட பூனையை. வருவது தன் எல்லைக்குள் நுழைந்த அந்நியன்.

அந்தத் தொலைபேசி அழைப்பில் அனுபவமுள்ள மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி சின்னதைப் பற்றியதாக இருக்காது. “பெருசு எதுல செத்துச்சு?” என்பார். தடுப்பூசி போடாத பூனையென்றால், பான்லுக்கோபீனியா வைரஸ் வீட்டுத் தரையிலும் கிண்ணத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொற்றி ஒரு வாரம் போல ஆனபிறகுதான் அடுத்த பூனை சாப்பாட்டை விடும். பக்கத்து வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால், ரத்தம் உறையாமல் செய்யும் வகை விஷம் தின்று சில நாள் கழித்தே ஆளைச் சாய்க்கும். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சு வராது. “தெரியலையே டாக்டர்… அதுவும் இதே மாதிரிதான், ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு.”